பத்து நாளாக மாத்திரை போட்டும் ஏன் கேட்கவில்லை?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். தங்கச்சிக்கு மனச்சோர்வென்று கிளினிக்கில் செர்ட்ரலின் 50 மில்லிகிராம் கொடுத்துப் பத்து நாளாகிறதாம். வயிற்றைப் பிரட்டுகிறதே தவிர மனசு லேசாகவில்லை, லயத்தில் எல்லாரும் "இது மாத்திரைக்குக் கேட்கிற வருத்தமில்லை, பூசாரியிடம் கூட்டிப் போ" என்கிறார்கள், நிறுத்திவிடலாமா என்று. வேண்டாம் அக்கா.

நரம்புச் செல்கள் செரட்டோனின் என்ற இரசாயனத்தை வெளியே விட்டுச் சேதி சொல்லும், பிறகு அதையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். செர்ட்ரலின், ஃப்ளுவொக்செடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் அந்த உறிஞ்சும் வழியை அடைக்கின்றன, அதுவும் சில மணி நேரத்திலேயே. அப்படியென்றால் மறுநாளே சுகம் தெரிய வேண்டுமே?

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. லயத்துக்குத் தண்ணீர் வரும் டேங்க்கில் பந்து ஒன்று மிதக்குமே, தண்ணீர் ஏறியதும் அதுவும் ஏறிக் குழாயை மூடிவிடும். மூளைத்தண்டில் ராஃபே என்ற இடத்திலுள்ள செரட்டோனின் செல்களின் உடம்பிலும் அப்படியொரு பந்து உண்டு, ஓட்டோ ரிசெப்டர் என்பார்கள். மாத்திரையால் தன்னைச் சுற்றிச் செரட்டோனின் ஏறியதும் அது "போதும், நிறைந்துவிட்டது" என்று நினைத்துச் செல்லையே அடக்கிவிடுகிறது. மாத்திரை ஒரு பக்கம் தூக்க, செல் மறுபக்கம் இழுக்க, ஆளுக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் நாள்கணக்காக அதே மட்டத்தில் மூழ்கிக் கிடந்தால் பந்துக்கே அலுத்துவிடும், மூட மறந்துவிடும். அதற்கு இரண்டு மூன்று வாரம் எடுக்கும், செல் மறுபடி பழைய வேகத்தில் சேதி அனுப்பும். தாமதத்துக்கு இது மட்டும்தான் காரணம் என்றில்லை, நரம்பு இணைப்புகள் மெல்ல மாறுவதும் சேர்ந்திருக்கலாம். செரட்டோனின் குறைந்ததால்தான் மனச்சோர்வு வருகிறது என்ற கதைக்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. மருந்து பலருக்கு வேலை செய்கிறது, ஏன் என்பதில் பாதிதான் பிடிபட்டிருக்கிறது.

வயிற்றுப் பிரட்டலா? உடம்பின் செரட்டோனினில் சுமார் 90 வீதம் குடலில்தான் இருக்கிறது, மருந்துக்கு வயிறு வேறு மூளை வேறு என்று தெரியாது. சாப்பாட்டோடு போட்டால் குறையும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாக அடங்கிவிடும்.

சுகமானதும் சட்டென்று நிறுத்துவதுதான் பெரிய தப்பு. செர்ட்ரலின் சுமார் 26 மணி நேரத்தில் உடம்பில் பாதியாகிவிடும், திடீரென விட்டால் தலைசுற்றும், கரன்ட் அடித்த மாதிரி மின்னும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரு நாள் மறந்தால் அடுத்த நாள் இரண்டாகப் போடாதீர்கள். கொழுந்து பறித்து இடுப்பு வலித்தால் பார்மசியில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபனோடு இது சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம், டிரமடோல் என்ற வலி மாத்திரையோடு சேர்ந்தால் செரட்டோனின் ஆபத்தாகக் கூடலாம். எதைச் சாப்பிடுகிறோம் என்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

பூசாரியிடம் போவதை நான் தடுக்கப்போவதில்லை, நூல் கட்டினால் மாத்திரை கோபிக்காது. ஆனால் "மாத்திரையை நிறுத்து" என்று சொல்கிற பூசாரி மேல் எனக்குக் கோபம் வரும். அதைவிட எரிச்சல், தாய்மொழியில் ஒரு வரி விளக்கமில்லாமல் கையில் திணிக்கப்படும் மாத்திரை உறை. என் அம்மாவுக்கு வந்த உறையில் இரண்டு கோடுகள் மட்டும்தான், காலை ஒன்று, இரவு ஒன்று.

தங்கச்சிக்கு 25 வயதுக்குக் கீழ் என்றால் முதல் சில வாரம் கூடவே இருங்கள், அந்த வயதில் ஆரம்பத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம். சாவைப் பற்றிப் பேசினாலோ, நிலைகொள்ளாமல் தவித்தாலோ, தூங்காமல் அளவுக்கு மீறி உற்சாகமானாலோ அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் பார்த்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.