ஒன்றாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கிடையாது: விதி சொல்வதும் வீட்டில் செய்யக்கூடியதும்

ஜூன் மாதம் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "வீட்டில் என்ன எழுத வைக்கணும்?" என்பதைத்தான். ஒன்றும் எழுத வைக்க வேண்டாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களுக்கோ, அப்படியானால் வீட்டில் நமக்கு என்னதான் வேலை என்ற குழப்பம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் இது குறித்து உத்தரவு பிறப்பித்தார். முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது, மொழியையும் கணக்கையும் தவிர வேறு பாடம் வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசு இதையே சுற்றறிக்கையாக மாநிலங்களுக்கு அனுப்பியது. அப்புறம் 2020-இல் மத்திய அரசின் புத்தகப்பைக் கொள்கை வந்தது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது அது. இருபது கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ பை, அவ்வளவுதான். ஒருநாள் காலையில் தராசில் வைத்துப் பாருங்கள், தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து.

அந்தக் கொள்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இந்த வயதில் பிள்ளைகளால் நெடுநேரம் ஓரிடத்தில் உட்கார முடியாது, அதனால் வீட்டுப்பாடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு யோசனையும் தருகிறது. நேற்று மாலை வீட்டில் என்ன செய்தாய், என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பில் பிள்ளைகளைப் பேச வைக்கலாம் என்பது அந்த யோசனை. அப்படியானால் நம் பங்கு என்ன என்பது தெளிவாகிவிடுகிறது. மறுநாள் வகுப்பில் போய்ச் சொல்ல, பிள்ளைக்கு ஒரு நல்ல மாலைப்பொழுதைக் கொடுக்க வேண்டும்.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது எனக்கு இந்த விதி தெரியாது. உயிரெழுத்து பன்னிரண்டையும் பத்துப் பத்துத் தடவை எழுதி வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எட்டு மணிக்கு உட்கார்ந்தவள் 'ஊ' எழுதும்போது நோட்டின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். பென்சில் கைக்குள்ளேயே இருந்தது. அவள் விரல் நடுவில் பள்ளம் விழுந்து சிவந்திருந்ததைப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை. அடுத்த நாள் மீதியை நானே எழுதிக் கொடுத்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது. ஆசிரியரிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும்.

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ உங்கள் பிள்ளை படித்தால், 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைப் பற்றித் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட கற்றல் இடைவெளியைச் சரிசெய்யத் தமிழக அரசு 2022 ஜூனில் இதைத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் பிள்ளைக்குப் பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வர வேண்டும் என்பது நோக்கம். முதலில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்பு வரை விரிந்தது. இதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். அரும்பு என்பது ஒன்றாம் வகுப்புக்கான நிலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருந்தாலும் அவனைத் திட்டாமல் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பிரிவு. பாட்டு, கதை, விரல் பொம்மை, முகமூடி என்று வகுப்பு நடக்கும். "பள்ளிக்கூடத்தில் விளையாடிட்டே இருக்காங்க, ஒண்ணும் சொல்லித் தரலை" என்று சில பெற்றோர் வருத்தப்படுவார்கள். அந்த விளையாட்டுக்குள்தான் பாடம் இருக்கிறது.

சரி, வீட்டுக்கு வருவோம். அடுக்களை டப்பாக்களே போதும். சின்னச் சின்னத் துண்டுத் தாளில் பிள்ளையையே பெயர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். என் மகள் உப்பு டப்பாவில் 'உபு' என்று ஒட்டினாள். நான் திருத்தவில்லை. "மெதுவா சொல்லிப் பாரு, நடுவில் எங்கே உதடு ஒட்டி நிற்குது?" என்று மட்டும் கேட்டேன். உப்... பு என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். ஒரு வாரம் கழித்துக் கடையில் வாங்கி வந்த பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இங்கே ஒரு 'ப்' கூட இருக்கு" என்று ஓடி வந்தாள். அன்றைக்கு அவளே தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினாள். புள்ளி வைத்த எழுத்து எதற்கு என்பதை அவள் அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

கணக்குக்குப் புளியங்கொட்டை. பத்துக் கொட்டையை எண்ணி வையுங்கள். சிலவற்றைக் கைக்குள் மூடிக்கொண்டு மீதியைக் காட்டுங்கள். வெளியே ஆறு இருந்தால் கைக்குள் எத்தனை? முதலில் விரல் விட்டு எண்ணுவார்கள், எண்ணட்டும். கொஞ்ச நாளில் பார்த்தவுடனே "நாலு" என்பார்கள். நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளைக்குக்கூட இது உடனே வராது. ஒப்பிப்பது வேறு, எண்ணிக்கை புரிவது வேறு.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒதுங்கிவிட வேண்டாம். பூ கட்டும்போது, மாடு கறக்கும்போது, வேலை முடிந்து வரும் பேருந்தில் நடந்ததைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். பாட்டி சொன்ன கதையைச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். பேச்சில் நிறையச் சொற்கள் கேட்ட பிள்ளைக்கு, அந்தச் சொல்லை எழுத்தில் பார்க்கும்போது பாதி வேலை முன்பே முடிந்திருக்கும். ஆங்கில வழியில் படித்தாலும் வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். இயன்றவரை தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்றுதான் கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது.

2009-இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் இருக்கிறது. பிரிவு 24-இன்படி, ஆசிரியர் பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றித் தெரிவிக்க வேண்டும். அது ஆசிரியரின் கடமை. ஆகவே போய்க் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். "என் பிள்ளை நல்லாப் படிக்கிறாளா?" என்று கேட்டால் "நல்லாப் படிக்கிறா" என்ற பதில்தான் வரும். "எந்தெந்த எழுத்துகளில் தடுமாறுகிறாள், கூட்டலில் எதுவரை வந்திருக்கிறாள்?" என்று கேளுங்கள். பிரிவு 17 அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பிரிவு 28-இன்படி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது.

வீட்டுப்பாடம் தொடர்ந்து வந்தால் முதலில் வகுப்பாசிரியரிடம் அமைதியாகப் பேசுங்கள். பல இடங்களில் மற்ற பெற்றோர் கேட்கிறார்களே என்பதற்காகத்தான் கொடுக்கிறார்கள். அங்கே முடியவில்லை என்றால் தலைமை ஆசிரியர். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்கு நீங்களும் போய்ப் பேசலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. போகும்போது எடை பார்த்த பையையும், எழுதச் சொன்ன நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.