ஆனர் சிஸ்டம்: தமிழில் என்ன சொல்வது?

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தேர்வு எழுதி முடித்த மாணவர், விடைத்தாளில் கடைசியாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். இந்தத் தேர்வில் நான் யாருக்கும் உதவவில்லை, யாரிடமும் உதவி பெறவில்லை, இது மாணவனாகிய என் ஆனர் மேல் ஆணை. பொய், காப்பி, திருட்டு மூன்றும் கூடாது. மீறினால் விசாரித்துத் தீர்ப்பு சொல்வதும் மாணவர்களே. இதுதான் ஆனர் சிஸ்டம்.

ஆனர் லத்தீனில் பிறந்த சொல். ரோமில் ஊர் ஒருவருக்குக் கொடுக்கும் மதிப்புக்கும், அதன் அடையாளமான பதவிக்கும் அதுவே பெயர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின், அடுத்தவர் தரும் மதிப்போடு ஒருவர் தனக்குள் காக்கும் நேர்மை என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. மொழிபெயர்ப்பில் நாம் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

‘கௌரவ முறை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. கௌரவ விரிவுரையாளர், கௌரவத் தலைவர் என்று நாம் பழக்கிவைத்திருக்கும் பொருளே வேறு. அதோடு, ‘கௌரவக் கொலை’ என்ற சொல் கொலைகாரனுக்குப் பெருமை சேர்க்கிறது என்று சொல்லித்தானே ‘ஆணவக் கொலை’ என்று மாற்றினோம்? அந்தச் சொல்லை மறுபடி நேர்மைக்கு வைக்க மனம் வரவில்லை.

அப்புறம், மானம். பழைய ஆனர் சிஸ்டத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஒரு மயிர் உதிர்ந்தாலும் உயிர்விடும் கவரிமாவை வள்ளுவர் காட்டுவது ‘மானம்’ அதிகாரத்தில்தான். வர்ஜீனியாவிலும் அதே கணக்கு இருந்தது. குற்றம் உறுதியானால் ஒரே தண்டனை, நிரந்தர வெளியேற்றம். அதே மாநிலத்தின் ராணுவக் கல்லூரியில் இன்னும் கடுமை. நெடுங்காலம் அங்கே நள்ளிரவில் முரசு கொட்டி மாணவர்களை எழுப்புவார்கள். வெளியேற்றப்பட்டவரின் பெயரை ஒருமுறை சொல்வார்கள். அதன்பின் அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது.

இந்தக் கடுமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1840 நவம்பரில் வர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்தில் முகமூடி போட்டுக்கொண்டு கலாட்டா செய்த மாணவர்களில் ஒருவன், தன்னைப் பிடிக்க வந்த பேராசிரியர் ஜான் டேவிஸைச் சுட்டான். இரண்டு நாளில் அவர் இறந்தார். அதன்பின், 1842 ஜூலை 4 அன்று சட்டப் பேராசிரியர் ஹென்றி டக்கர் முன்மொழிந்ததே விடைத்தாளில் எழுதும் முதல் உறுதிமொழி. அன்றைய மாணவர்கள் பெரும்பாலும் அடிமைகளை வைத்திருந்த பெரிய குடும்பத்துப் பிள்ளைகள். பெயருக்கு இழுக்கு வந்தால் துப்பாக்கி எடுக்கும் கூட்டம் அது. அவர்களுக்கு ஆனர் என்றால் மானம்தான்.

காலம் மாறியது, தண்டனை மாறவில்லை. 2001இல் இயற்பியல் பேராசிரியர் லூயிஸ் புளூம்ஃபீல்ட் தானே எழுதிய கணினி நிரலால் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மேல் வழக்கு வந்தது. அதற்காக எல்லாரும் புகார் கொடுத்துவிடவில்லை. ஒரு கட்டுரைக்காகச் சக மாணவனின் படிப்பையே முடித்துவிடுவதா என்று பலர் கண்டும் காணாமல் இருந்தார்கள். நடுவர்களாக உட்கார்ந்த மாணவர்களுக்கும் குற்றவாளி என்று சொல்லக் கை நடுங்கியது. தண்டனை பெரிதாக இருந்ததாலேயே நேர்மை பேச்சளவில் நின்றது. 2013இல், புகார் வந்ததும் ஒப்புக்கொள்பவர் இரண்டு பருவம் விலகியிருந்து திரும்பலாம் என்று ஒரு வழி திறந்தார்கள். 2022இல் நடந்த மாணவர் வாக்கெடுப்பில் எண்பது சதவீதத்துக்கும் மேலானோர் நிரந்தர வெளியேற்றம் வேண்டாம் என்றார்கள். 2023 ஜூலை முதல், குற்றத்துக்குத் தக்கபடி பல தண்டனைகள்: செய்ததைச் சரிசெய்வது, கொஞ்ச காலம் விலகியிருப்பது, மிகப் பெரிய குற்றமென்றால் வெளியேற்றம்.

சரி, மானம் போனால் போனதுதான். ஆனால் தவறியவர் திரும்பி வரலாம் என்று சொல்லும் முறைக்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டாமா? நம்மிடம் இருக்கிறது: வாக்கு நாணயம்.

மாதச் சீட்டு பிடிக்கிறவரைப் பற்றி, ‘எழுத்து வேண்டாம், அவர் வாக்கு நாணயம் உள்ளவர்’ என்று சொல்வோமே, அதே சொல். காசுக்கும் நாணயம், சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் நாணயம். இதில் குடிப்பெருமை இல்லை, சாதி வாடை இல்லை. ஒரு தவணை தப்பியவர் அடுத்தடுத்து ஒழுங்காகக் கட்டினால், ஊர் அவரை மறுபடி நம்பும். கண்காணிக்க ஆளில்லாத அறையில் மாணவர் கொடுப்பதும் தன் வாக்கைத்தான்.

ஆகவே ஆனர் சிஸ்டத்துக்கு வாக்கு நாணய முறை என்றும், விசாரிக்கும் குழுவுக்கு வாக்கு நாணயக் குழு என்றும் எழுதலாம். விடைத்தாளின் கடைசி வரி இப்படி வரும்: ‘என் வாக்கு நாணயத்தின் மேல் ஆணை. இந்தத் தேர்வில் உதவி கொடுக்கவுமில்லை, பெறவுமில்லை.’