கரைகாண் பயணம்: ‘சாகச சொகுசுக் கப்பல்’ என்று எழுதுவது ஏன் தவறு

சென்ற வாரம் பிழை திருத்த ஒரு மொழிபெயர்ப்பு வந்தது. சிறு கப்பலில் அண்டார்க்டிகாவுக்குப் போய்வரும் பயணத்தைப் பற்றிய கட்டுரை. மூன்றாவது பத்தியில் இந்த வாக்கியம் இருந்தது: ‘சாகச சொகுசுக் கப்பலின் பயணிகள் பத்துப் பத்துப் பேராக இராசிமண்டலத்தில் ஏறி அண்டார்க்டிகாவில் தரையிறங்கினர்.’

இராசிமண்டலம் என்று வந்திருப்பது சோடியாக். காற்றடைத்த ரப்பர் படகு செய்யும் பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர் அது. துருவக் கடலில் ஓடுகிறவர்கள் அந்த வகைப் படகு எல்லாவற்றையுமே அப்பெயரால்தான் அழைக்கிறார்கள். அகராதியைத் திறந்தவர் முதல் பொருளைப் பார்த்ததுமே மூடிவிட்டார், அவ்வளவுதான். அதைத் திருத்த ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. என்னைத் தாண்டவிடாமல் நிறுத்தியது ‘சாகச சொகுசுக் கப்பல்’ என்ற தொடர். இதைத் தெரியாமல் எழுதுகிறார்கள் என்று சொல்ல முடியாது. யோசித்துத்தான் எழுதுகிறார்கள். செய்தியில், விளம்பரத்தில், பயணக் கட்டுரையில் என்று எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். சிறு கப்பலில் துருவக் கடல் போன்ற இடங்களுக்குப் போய், படகில் கரையிறங்கிப் பார்த்துவரும் பயணத்தை ஆங்கிலத்தில் எக்ஸ்பெடிஷன் குரூஸ் என்கிறார்கள். அந்தத் தொடருக்கு இதுதான் தமிழ் என்று நிலைத்துவிடுமோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

முதலில் மூலச் சொற்கள். எக்ஸ்பெடிஷன் இலத்தீனிலிருந்து வந்தது. ‘பெட்’ என்றால் கால், ‘எக்ஸ்’ என்றால் வெளியே. தளையிலிருந்து காலை விடுவிப்பது, அதனால் புறப்பட ஆயத்தமாவது, பிறகு படை புறப்படுவது, கடைசியில் ஒரு நோக்கத்தோடு குழுவாகச் செல்லும் பயணம் என்று பொருள் நகர்ந்தது. குரூஸ் டச்சு மொழியின் ‘கிரூய்சன்’. குறுக்கும் நெடுக்குமாகக் கடத்தல் என்று பொருள். அதன் அடி ‘கிரூய்ஸ்’, அதாவது சிலுவை. (சிலுவை என்ற நம் சொல் சிரியாக் மொழி தந்தது, அது வேறு கதை.) போர்க்கப்பல்கள் ஒரு கடற்பரப்பில் இப்படி அங்குமிங்கும் ஓடிக் காவல் காத்ததைத்தான் அந்தச் சொல் முதலில் குறித்தது. ஆக இரண்டு சொல்லின் வேரிலும் சொகுசு இல்லை, சாகசமும் இல்லை.

இனி அந்தச் சாகசத்துக்கு வருவோம். இது வடமொழிச் சொல். ‘சஹஸ்’ என்றால் வலிமை, வன்மை. பழைய தரும நூல்களில் ‘சாஹசம்’ என்பது வன்முறையாகச் செய்யும் குற்றங்களுக்குப் பெயர். தமிழுக்கு வந்தபின் துணிச்சல் என்ற பொருளோடு பாசாங்கு என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ஒருத்தியைச் சாகசக்காரி என்று சொன்னால் அது பாராட்டு இல்லை. இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு, இன்றைய வழக்கில் துணிகரச் செயல் என்றே எடுத்துக்கொள்வோம். அப்போதும் பொருந்தாது. ஏனென்றால் இந்தப் பயணங்கள் நடக்கிற முறை முழுவதும் துணிகரத்தைத் தவிர்ப்பதற்காகவே அமைந்தது.

ஒரு கரையிறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் விரிகுடாவில் நிற்கிறது. வழிகாட்டிகள் முதலில் படகில் போய் அலையையும் காற்றையும் பனிக்கட்டிகள் மிதந்து வரும் திசையையும் பார்க்கிறார்கள். வடக்கே ஆர்க்டிக்கில் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளாக இருந்தால் துப்பாக்கியோடு கரையேறி, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பனிக்கரடி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கரடி தெரிந்தால் அங்கே அன்று இறங்குவதில்லை. கப்பலில் பயணிகள் தங்கள் பைகளையும் காலுறைகளையும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். வெல்க்ரோ ஒட்டுப்பட்டைக்குள் சிக்கிய புல்விதையைக்கூட இடுக்கியால் பிடுங்கி எடுக்கிறார்கள், அண்டார்க்டிகாவில் வேற்று மண்ணின் புல் முளைத்துவிடக் கூடாது என்பதற்காக. கிருமிநீக்கி ஊற்றிய தட்டில் ரப்பர் பூட்ஸை நனைத்துவிட்டுப் பக்கவாட்டு ஏணிப்படியில் இறங்க வேண்டும். கீழே படகோட்டி கையை நீட்டுகிறார். உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது. அவர் முன்கையை நீங்களும், உங்கள் முன்கையை அவரும் இறுகப் பற்ற வேண்டும். ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி நிற்கும். அலை படகை மேலே தூக்கும் நொடிக்காகக் காத்திருந்து அவர் தலையசைத்த பிறகே கால் வைக்கிறீர்கள். கரையில் பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டர் விலகி நிற்க வேண்டும். அதுவாகவே நெருங்கி வந்தால் நீங்கள் அசையாமல் நிற்க வேண்டும்.

இதில் எங்கே இருக்கிறது சாகசம்? இது ஒழுங்கு, காத்திருத்தல், ஒதுங்கி நிற்றல். இவ்வளவு பணிவோடு செய்யும் ஒன்றுக்குத் துணிகரம் என்று பெயர் சூட்டுவது உண்மைக்கு நேர் எதிரானது.

‘ஐயா, சாகசம் என்று போட்டால்தான் படிப்பார்கள்’ என்று மொழிபெயர்த்த தம்பி தொலைபேசியில் சொன்னார். படிப்பார்கள்தான். படித்துவிட்டு என்ன நினைப்பார்கள் என்பதுதான் கேள்வி. ‘எக்ஸ்புளோரர்’ கப்பலின் கதையை அவருக்குச் சொன்னேன். இந்த வகைப் பயணத்துக்கு வழிவகுத்தவர் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட். 1966-இல் பயணிகளை அண்டார்க்டிகாவுக்கு அழைத்துப் போனார். 1969-இல் இதற்கென்றே அவர் கட்டுவித்த கப்பல் ‘லிண்ட்பிளாட் எக்ஸ்புளோரர்’. நீளம் 73 மீட்டர்தான். 1984-இல் கனடாவின் வடக்கே உள்ள வடமேற்குக் கடல்வழியைக் கடந்த முதல் பயணிகள் கப்பலும் அதுவே. பின்னாளில் கைமாறி, ‘எக்ஸ்புளோரர்’ என்று பெயர் சுருங்கிய அந்தக் கப்பல்தான் 2007 நவம்பர் 23 அன்று தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே பனிக்கட்டியில் அடிபட்டு மூழ்கியது. 154 பேர் உயிர்காப்புப் படகுகளில் உறைகுளிரில் காத்திருந்தார்கள். ‘நோர்டுநோர்கே’ என்ற நார்வேக் கப்பல் வந்து அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டது. ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்களைக் காத்தது கட்டுப்பாடும், உதவிக்கு வரும் தூரத்தில் வேறொரு கப்பல் இருந்ததும். துருவக் கடலில் ஓடும் கப்பல்களுக்கென்று உலகம் முழுவதற்கும் பொதுவான விதித்தொகுப்பு 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சாகசம் என்று எழுதும்போது இவ்வளவும் மறைந்துபோகிறது.

சொகுசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெலுங்கில் சொகசு என்றால் அழகு, ஒயில். தமிழில் அது மெத்தையும் குளிரூட்டியும் ஆகிவிட்டது. சில துருவக் கப்பல்களில் நல்ல மெத்தைகள் இருப்பது உண்மைதான். ஆனால் மூவாயிரம் பேரைச் சுமந்து துறைமுகம் துறைமுகமாகப் போகும் கப்பலையும் இதையும் பிரிக்கும் கோடு மெத்தையில் இல்லை, அளவில் இருக்கிறது. அண்டார்க்டிகாவில் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. இருபது பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும். இருநூறு பேர் வந்த கப்பலில் பாதிப் பேர் கரையில் நிற்க, மீதிப் பேர் படகில் சுற்றிக்கொண்டோ கப்பலில் முறைக்குக் காத்துக்கொண்டோ இருப்பார்கள். ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வரும் கப்பலில் 2025 முதல் 200 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. சிறு கப்பல் என்பதுதான் இந்தப் பயணத்தின் உயிர். ‘சொகுசுக் கப்பல்’ என்று படித்தவர் மனத்தில் எழுவது நீச்சல்குளம் வைத்த பன்னிரண்டு மாடிக் கட்டடம்.

சரி, மாற்று என்ன? ‘ஆய்வுப் பயணம்’ என்கிறார்கள் சிலர். அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. 1981 டிசம்பரில் கடலியல் அறிஞர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து கிளம்பி அண்டார்க்டிகாவுக்குப் போனார்களே, அது ஆய்வுப் பயணம். அங்கே இந்தியா நடத்தும் மைத்ரி நிலையத்துக்கும் பாரதி நிலையத்துக்கும் இன்று போகிறவர்கள் செய்வது ஆய்வு. பார்க்கப் போகிறவரை ஆய்வாளர் ஆக்கினால் ஆய்வாளரை என்ன சொல்லி அழைப்பது?

தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘முனைய நாவாய்ச் செலவு’ என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. செலவு என்பது பயணத்துக்கு நம்முடைய மிகப் பழைய சொல். சங்கப் பாடல்களில் தலைவன் பொருள் தேடிப் புறப்பட முனைவது செலவயர்தல். தலைவியின் கண்ணீரைக் கண்டு நின்றுவிடுவது செலவழுங்கல். அந்த நிறுத்தம் போகாமலே விடுவது ஆகாது, அவளைத் தேற்றுவதற்காகத் தாமதிப்பதே என்று தொல்காப்பியம் நுணுக்கமாகச் சொல்லும். கால்தளை நீக்கிப் புறப்பட ஆயத்தமாவது என்ற இலத்தீன் கருத்துக்குச் செலவயர்தல் எவ்வளவு அருகில் நிற்கிறது! ஆனாலும் இன்று ‘துருவச் செலவு’ என்று எழுதினால் வாசகர் பணக் கணக்கைத்தான் எதிர்பார்ப்பார். இழந்துவிட்டோம் அந்தச் சொல்லை. எனக்கு வருத்தம்தான். வருத்தத்துக்காக வாசகரைக் குழப்ப முடியாது. ‘முனைய’ என்பது இன்னும் மோசம். முனை என்று நிறுத்தியிருந்தால் வடமுனை, தென்முனை என்று விளங்கியிருக்கும். முனையம் என்றால் விமான நிலையத்தில் இருப்பது. துருவம் வடமொழியாக இருந்தாலும் துருவ நட்சத்திரத்தோடு நம் வீட்டுக்குள் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அசையாமல் நிற்பது என்ற அதன் பொருளும் பூமியின் அச்சுமுனைக்குக் கச்சிதமாக அமைகிறது. அதை ஏன் விரட்ட வேண்டும்?

நான் கொஞ்சநாள் சாய்ந்து நின்றது ‘நாடுகாண் பயணம்’ பக்கம். இலங்கைப் பாடநூல்கள் கொலம்பஸ், மகெல்லன் முதலானோரின் பயணங்களை இப்படித்தான் சொல்கின்றன. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை பின்னணியில் ஒலிக்கும் அழகான தொடர். ஆனால் அண்டார்க்டிகா யாருடைய நாடு? 1959-இல் பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிகா உடன்படிக்கையின் நான்காம் பிரிவு, அந்த மண்ணின்மீது யாரும் புதிதாக உரிமை கோர முடியாதபடி செய்திருக்கிறது. பழைய கோரிக்கைகள் அப்படியே உறைந்து நிற்கின்றன. குடிகள் இல்லை, கொடி இல்லை. நாடே இல்லாத இடத்தில் நாடுகாண்பது எப்படி? வடக்கே போனால் சிக்கல் வேறு மாதிரி. வடமேற்குக் கடல்வழியை ஐரோப்பியர் தேடிக்கொண்டிருந்தபோது அந்தக் கரைகளில் இன்யூயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஊருக்கு விருந்தாளியாகப் போகிறவர் ‘நாடு கண்டேன்’ என்று சொல்வது நன்றாக இல்லை.

எனவே அந்தத் தொடரில் நாட்டை எடுத்துவிட்டுக் கரையை வைக்கிறேன். கரைகாண் பயணம். அதற்குப் போகும் கப்பல் கரைகாண் கப்பல். இந்தப் பயணத்தில் ஒவ்வொரு நாளும் கேட்கும் கேள்வி இன்று எந்தக் கரை என்பதுதான். அட்டவணை உண்டு, ஆனால் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால் அது மாறும். காலையில் சொன்ன விரிகுடா மதியம் வேறொன்றாகிவிடும். துறைமுகம் கிடையாது, கப்பலை அணைத்து நிறுத்தும் மேடை கிடையாது. படகில் போய்த் தொடும் கரை மட்டுமே உண்டு. அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயாவிலிருந்து டிரேக் நீரிணையை இரண்டு நாள் குமட்டலோடு கடந்து வந்தவருக்குக் கரை காண்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ‘கரை கண்டவர்’ என்றால் ஒன்றை முழுதும் கற்றுத் தேர்ந்தவர் என்ற பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கட்டும். வாக்கியத்தில் கப்பலும் பனியும் இருக்கும்போது யாரும் கல்வியை நினைக்கப் போவதில்லை. மலையேறும் குழுவுக்கு இந்தச் சொல் ஆகாது என்பதும் சரி. அதற்கு மலையேற்றக் குழு என்று நாம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். மூலத்தில் ஒரு சொல் நான்கு இடத்தில் வந்தால் தமிழிலும் ஒரே சொல் நான்கு இடத்தில் வர வேண்டும் என்பது விதியா என்ன?

இன்றைய மொழிபெயர்ப்பில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். சொல்லைப் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லையே பாருங்கள். ‘தரையிறங்கினர்.’ விமானம் தரையிறங்கும். கடலிலிருந்து வருகிறவர் கரையிறங்குவார். கடலோடிய மொழி நம்முடையது. கலம், நாவாய், வங்கம், தோணி, ஓடம் என்று இத்தனை வைத்திருக்கிறோம். கரைக்கும் தரைக்கும் வித்தியாசம் மறந்துபோகலாமா? அதே கட்டுரையில் கப்பலின் பிரிட்ஜ் ‘பாலம்’ ஆகியிருந்தது. ‘பயணிகள் எப்போது வேண்டுமானாலும் பாலத்துக்கு வரலாம்’ என்று. கேப்டன் நின்று கப்பலைச் செலுத்தும் மேல்தள அறை அது. செலுத்தறை என்று எழுதினால் யாருக்கும் புரியும். ஆர்க்டிக் என்றால் பனிக்கரடிகளின் நிலம் என்றும் அடிக்குறிப்பு போட்டிருந்தார். கிரேக்கத்தில் ‘ஆர்க்டோஸ்’ கரடிதான். ஆனால் அந்தக் கரடி வானத்தில் இருப்பது, நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்லும் விண்மீன்களைத் தன்னுள் கொண்டது. விண்மீன் கூட்டம் வர வேண்டிய இடத்தில் விலங்கும், படகு வர வேண்டிய இடத்தில் இராசிமண்டலமும் வந்திருந்தன.

தம்பி உழைப்பாளி. கோபித்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். படகு கரை தொடாமல் முழங்கால் தண்ணீரிலேயே இறங்கி நடக்க வேண்டியிருப்பதை என்ன சொல்வது என்று கேட்டார். ‘நனைகரை’ என்றேன். அப்படியானால் பூட்ஸ் நனையாமல் பாறையில் நேரே கால் வைப்பது ‘உலர்கரை’ என்று அவரே சொன்னார். இரண்டையும் சேர்த்துக்கொண்டோம். அந்த வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: ‘கரைகாண் கப்பலின் பயணிகள் பத்துப் பத்துப் பேராக ரப்பர் படகில் ஏறி, நனைகரையாக அண்டார்க்டிகாவில் இறங்கினர்.’