யோகாவும் உடல் எடையும்: உதைக்கும் ஒரு கணக்கு

யோகா செய்தால் எடை குறையுமா என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்கைக் காட்டிவிடுவது நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடல், தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவழிக்கும். நிதானமாக ஆசனங்கள் செய்யும்போது இது சுமார் 2.5 மடங்காகும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 3.5 மடங்கு, 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 8 மடங்கு. ஆக, 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் யோகா செய்தால் 150 கலோரி. அதில் 60, அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும். மிச்சம் 90. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700 கலோரி! தினமும் தவறாமல் செய்தாலும் அந்த ஒரு கிலோ கரைய மூன்று மாதம் ஆகும். அதுவும் சாப்பாட்டில் ஒரு வாய்கூடக் கூடாமல் இருந்தால்தான்.

சூடாக்கிய அறையில் வியர்க்க வியர்க்கச் செய்யும் யோகாவில் எடை உடனே இறங்குகிறதே என்பார்கள். இறங்குவது தண்ணீர். தாகத்துக்குக் குடித்ததும் திரும்பிவிடும்.

சரி, கரையும் கொழுப்பு எங்கே போகிறது? ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் 2014இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது. இதைக் கேட்டதும், மூச்சை வேகமாக விட்டால் இளைத்துவிடலாம் என்று கபாலபாதி என்ற வேக மூச்சுப் பயிற்சியில் இறங்கிவிட வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு உருவாவது செல்களுக்குள். நுரையீரல் அதை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். செல்களில் எரிவது கூடாமல் மூச்சை மட்டும் வேகப்படுத்தினால் தலைதான் சுற்றும். வயிற்றுக்கென்று ஓர் ஆசனம் செய்தால் தொப்பை மட்டும் கரையும் என்பதும் இதே ரகம். உடல் தன் கொழுப்பைப் பல இடங்களிலிருந்தும் இரத்தத்தில் கலந்துவிட்டுப் பயன்படுத்துகிறது, வேலை செய்யும் தசைக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் தேடி எடுப்பதில்லை.

இதோடு முடிந்ததென்றால் யோகாவுக்கும் எடைக்கும் பெரிய சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் கணக்கு ஓரிடத்தில் உதைக்கிறது.

அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 53 முதல் 57 வயது வரையுள்ள 15,000க்கும் மேற்பட்டவர்களிடம், 45 வயதிலிருந்து எடை எப்படி மாறியது என்று கேட்டார்கள். 45 வயதில் அதிக எடையோடு இருந்தவர்களில், யோகா செய்யாதவர்கள் சராசரியாக 6 கிலோ கூடியிருந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் யோகா செய்தவர்களோ 2 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தார்கள். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் செய்தவர்களைக்கூட அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். வாரத்துக்கு அரை மணி என்றால் நாம் பார்த்த 60 கிலோ ஆசாமிக்கு நான்கு ஆண்டில் ஒன்றேகால் கிலோகூடக் கரையாது. பலர் அதைவிட அதிகமாகச் செய்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும் 8 கிலோ வித்தியாசம் எப்படி வந்தது?

உண்மையில் இந்த ஆய்வு யோகாதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. உடல்மேல் அக்கறை உள்ளவர்கள்தான் யோகா பக்கம் போகிறார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் அதே ஆய்வாளர்களில் சிலர் 2009இல் இன்னொன்றைப் பார்த்தார்கள். பசியில்லாமல் சாப்பிடுகிறீர்களா, வயிறு நிறைந்தது தெரிந்ததும் நிறுத்துகிறீர்களா, மனசு சரியில்லாதபோது எதையாவது கொறிக்கிறீர்களா என்பது போன்ற கேள்விகள். யோகா செய்பவர்கள் கவனித்துச் சாப்பிடுபவர்களாக இருந்தார்கள். நடைப்பயிற்சி போன்ற மற்ற உடற்பயிற்சிகளுக்கும் இந்தக் கவனத்துக்கும் அப்படித் தொடர்பு தென்படவில்லை.

ஏன் என்று யோசித்தால், ஒரு ஆசனத்தில் நிற்கும் அந்த அரை நிமிடம் ஞாபகம் வருகிறது. தொடை நடுங்குகிறது, போதும் இறங்கு என்கிறது மனசு. நீங்கள் மூச்சைக் கவனித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிற்கிறீர்கள். உடம்புக்குள்ளிருந்து வரும் செய்தியைக் கேட்பது, கேட்டும் உடனே அதன்படி ஆடாமல் இருப்பது, இரண்டும் அங்கே பழக்கமாகின்றன. சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் வேண்டியிருப்பது இதுதானே! இரைப்பை விரிந்ததையும் குடல் ஹார்மோன்கள் சுரந்ததையும் மூளை முழுசாக உணரக் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகிறது. உள்ளே கேட்கத் தெரியாதவர் அதற்குள் இரண்டாவது தட்டை முடித்திருப்பார்.

அப்புறம் மன அழுத்தம். அது நீடித்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடும், கார்ட்டிசால் பசியைத் தூண்டும், கொழுப்பை வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேர வைக்கும். மெதுவாக மூச்சை வெளியே விடும்போது மூளையையும் இதயத்தையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. பிராணாயாமத்தில் வெளிமூச்சை நீட்டுவதன் வேலை இது. தூக்கமும் இதில் சேர்த்தி. 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது, பசியை அடக்கும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது.

அதே சியாட்டில் ஆய்வில், 45 வயதில் இயல்பான எடையோடு இருந்தவர்கள் யோகா செய்தும் எடை கூடத்தான் செய்தார்கள். மற்றவர்களைவிட ஒன்றரைக் கிலோ குறைவாக.