ஒலியியல் நிபுணர் அல்லர், கேட்பியலாளர்

காரைக்குடியில் நடந்த காது கேட்கும் திறன் பரிசோதனை முகாமுக்கான துண்டறிக்கையை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'ஒலியியல் நிபுணர் வருகை தருகிறார்' என்ற வரியை மூன்று முறை உரக்கச் சொன்ன பிறகு அவர் கேட்டார்: "திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டுகிறவரா? அவருக்கும் என் காதுக்கும் என்ன?"

அப்பத்தா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பிழை துண்டறிக்கையில். கேட்கும் திறனை அளந்து, குறை இருந்தால் ஈடுசெய்ய உதவும் ஆடியாலஜிஸ்ட் என்பவருக்கு இந்தச் சொல்லைப் பார்ப்பது இந்த ஆண்டில் எனக்கு நான்காவது முறை. தமிழ்த்தாய்க்குக் கோயில் எழுப்பிய ஊரில் இது நடக்கிறது என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் 'ஆடிரே' என்றால் கேட்டல். அதனுடன் கிரேக்க 'லோகோஸ்' சேர்ந்து ஆடியாலஜி ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் கேட்கும் திறனை இழந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுக்கு மறுவாழ்வு தரும் பணியில் 1940களில் இத்துறை உருப்பெற்றது. ரேமண்ட் கார்ஹார்ட்டை அதன் தந்தை என்பார்கள். நம் நாட்டில் 1960களில் மைசூரில் இதற்கென ஒரு தேசிய நிறுவனம் எழுந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர்களே இப்பணியைச் செய்யலாம்.

வேர்ச்சொல்லில் காதும் இல்லை, ஒலியும் இல்லை. இருப்பது கேட்டல் மட்டுமே.

ஒலியியல் என்பது தமிழில் ஏற்கெனவே குடியேறிவிட்ட சொல். மொழியியலார் அதைப் பேச்சொலிகளின் ஆய்வுக்கு வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியப் பிறப்பியலை விளக்கும்போது அது இல்லாமல் முடியாது. இயற்பியலாரும் அதே சொல்லை ஒலியின் இயல்புகளைப் பற்றிய படிப்புக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு குடும்பம் இருக்கும் வீட்டில் மூன்றாவதாக ஒருவரைத் தள்ளுவது மொழிக்கு நல்லதன்று. இதற்கு மேல் இச்சொல்லோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

நான் மல்லுக்கு நிற்பது 'செவியியல்' என்ற சொல்லோடு. தேவகோட்டையில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதைத்தான் பிடிவாதமாகச் சொல்கிறார். செவி தூய தமிழ், இரண்டெழுத்து, எவருக்கும் புரியும் என்பது அவர் வாதம். தூய்மையில் எனக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் செவியியல் என்றால் செவி என்ற உறுப்பைப் பற்றிய மருத்துவம். சீழ், செவிப்பறையில் ஓட்டை, அறுவை சிகிச்சை எல்லாம் அதற்குள் வரும். அதற்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கிறார். செவி நன்றாகவே வேலை செய்து, செவியிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பில் கோளாறு இருக்கும் குழந்தைகள் உண்டு. அக்குழந்தையின் உட்செவி ஒலிக்கு மறுவினை காட்டும். ஆனால் பேச்சு அதற்குப் பிடிபடாது. அதைக் கண்டறிபவரைச் செவியியலார் என்றால், பழுதில்லாத இடத்தைப் பெயராகச் சூட்டுகிறோம்.

வள்ளுவர் இந்த வேறுபாட்டை நமக்கு முன்பே பிரித்து வைத்துவிட்டார். 'கேட்பினுங் கேளாத் தகையவே கேள்வியால் தோட்கப் படாத செவி' என்கிறார். செவி ஒன்று, கேட்டல் வேறொன்று. அவர் பேசுவது அறிவைப் பற்றி என்பது தெரியும். ஆனாலும் சொற்களின் எல்லை அங்கே தெளிவாக இருக்கிறது. அப்படியானால் கேள்வியியல் என்று வைக்கலாமே என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். வைக்கலாம், ஆனால் இன்று கேள்வி என்றால் வினாத்தாள்தான் நினைவுக்கு வருகிறது. 'கேட்பு' என்றால் வங்கியின் கேட்பு வரைவோலை அல்லவா என்றும் மடக்கினார். கேள் என்ற வினைக்குச் செவிமடுப்பதும் பொருள், வேண்டுவதும் பொருள். எந்தப் பொருள் என்பதை அருகில் நிற்கும் சொல் காட்டிவிடும். பார்வை பார் என்பதிலிருந்து வருவது போலக் கேட்பு கேள் என்பதிலிருந்து வருகிறது. கேட்பியல், கேட்பியலாளர்: வாயில் தடங்கல் இல்லை, பொருளில் மயக்கம் இல்லை. செவிப்புலனியல் என்று சிலர் எழுதுகிறார்கள். அது பிழையன்று, நீளம்தான் குறை.

பெயரில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், பெயர்தான் மக்களை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறது. 'காது மெஷின் கொடுப்பவர்' என்று நினைத்துப் போகிறவர் மெஷினை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார். பிறகு விசிலடிக்கிறது, இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி மர பீரோவில் வைத்துவிடுகிறார். எங்கள் தெருவில் மட்டும் அப்படி மூன்று கருவிகள் உறங்குகின்றன. கேட்பியலாளரின் வேலை கருவியைக் கொடுத்த பிறகுதான் பெருகுகிறது. ஒவ்வொரு சுருதிக்கும் எத்தனை டெசிபல் குறைவு என்று அளந்து, காதுக்குப் பொருந்தும் அச்சு எடுத்து, குறைவுக்கேற்ப ஒலியைக் கூட்டி, செவிக்குள் மெல்லிய குழாய் வைத்துச் சரிபார்த்து, சில வாரங்கள் கழித்து மறுபடி திருத்துவார். எங்கள் வளவு வீட்டில் ஆத்தங்குடி ஓடு பதித்த தளமும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. பத்துப் பேர் பேசினால் அப்பத்தாவுக்கு ஒரே முழக்கம். அதைச் சொன்னால் கேட்பியலாளர் அதற்கும் கருவியின் அமைப்பை மாற்றித் தருகிறார், அருகில் முகம் பார்த்துப் பேசும்படி வீட்டாருக்கும் சொல்லித் தருகிறார். பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் போடாமல், காற்றுப் பட ஒரு நிமிடம் வைத்துப் போட வேண்டும் என்பதைக்கூட அவர்தான் சொன்னார்.

இதையெல்லாம் சொல்ல வேண்டிய துண்டறிக்கைகளை மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மட்டும் திறக்கிறார்கள். கருவியைப் போட்டுப் பழகிப் பார்க்கும் நாட்களுக்கு ஒன்றில் 'சோதனைக் காலம்' என்று இருந்தது. தமிழில் சோதனைக் காலம் என்றால் துன்ப காலம். ஏற்கெனவே அஞ்சி வரும் முதியவரிடம் அதைச் சொல்லலாமா? பழகும் காலம் என்று எழுதினால் போதும். இன்னொன்றில் 'நிபுணர் உங்களைப் பின்தொடர்வார்' என்று கண்டேன். திருடனைத்தான் போலீஸ் பின்தொடரும். மீண்டும் வந்து காட்டுவதற்கு மறுவருகை என்ற நல்ல சொல் இருக்கிறது. 'காது கேட்கும் கருவி' என்பதில் கேட்பது காதா, கருவியா என்று புரியவில்லை. அரசு ஆணைகளில் வரும் காதொலிக் கருவி பரவாயில்லை. கேட்புத் துணைக்கருவி என்பதை அதைவிட மேலாகக் கருதுகிறேன்.

அடுத்த முகாமின் துண்டறிக்கையை அச்சேற்றும் முன் எனக்குக் காட்டுவதாக அச்சகத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன்: 'கேட்பியலாளர் வருகிறார். முன்பு வாங்கிய கருவியைப் போடாமல் வைத்திருப்பவர்கள் அதையும் கையோடு கொண்டுவரவும்.'