ரெடினஸ் மொனிட்டர்: ஆயத்தமா, நிறைவா?

கொக்குவிலில் என் பக்கத்து வீட்டு மாஸ்ரருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவருடைய ஜப்பான் காரில், புகைக்குழாயின் ஒட்சிசன் அளவைப் பார்க்கும் ஒட்சிசன் உணரி பழுதாகி, கராஜில் புதியது மாற்றினார்கள். முகப்பில் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கும் அணைந்துவிட்டது. ஆனால் மெக்கானிக் தம்பி, கார்க் கணினியை வாசிக்கும் ஸ்கானரின் சின்னத் திரையைக் காட்டி, "மொனிட்டர் இன்னும் ரெடி ஆகவில்லை, ஐயா" என்றார். மாஸ்ரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "காசு கொடுத்தாயிற்று, விளக்கும் அணைந்தாயிற்று. இனி எது ஆயத்தமாக வேண்டும்?"

கேள்வி நியாயமானது. காரில் குறை இருக்கவில்லை, மெக்கானிக்கின் வேலையிலும் குறை இருக்கவில்லை. குழப்பியது, கார்க் கணினி உள்ளே நடத்தும் சோதனைகளின் நிலையைக் காட்டும் 'ரெடினஸ் மொனிட்டர்' என்ற சொல். எனவே அதைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

'மொனிட்டர்' இலத்தீன் வழி வந்தது. நினைவூட்டு, எச்சரி என்று பொருள்படும் 'மோனேரே' என்ற வினையே அதன் வேர். எச்சரிப்பவன் மொனிட்டர். பள்ளிக்கூடத்துக்குள் இந்தச் சொல் நுழைந்த கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1789 இல் சென்னையில் ஓர் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதிப் பழகும் உள்ளூர்ப் பிள்ளைகளைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டே இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797 இல் அவர் அதைப் பற்றி எழுதி வெளியிட்ட பிறகு அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. இலண்டனில் அதையொத்த முறையை நடத்திய ஜோசப் லாங்காஸ்டர் அந்த மூத்த மாணவர்களை மொனிட்டர் என்று அழைத்தார். நம் திண்ணைப் பள்ளியில் அந்த இடத்தில் இருந்தவன் சட்டாம்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் வாத்தியாரையே 'சட்டம்பியார்' என்று அழைத்த தலைமுறையை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன்.

கார்க் கணினியில் உள்ள மொனிட்டருக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் வைக்க முடியாதுதான். ஆனால் வேலை ஒன்று. ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, ஒப்புவிக்கச் சொல்லி, சரியா பிழையா என்று குறித்துக்கொள்வது.

அகராதியைத் திறந்தால் மொனிட்டருக்குக் 'கண்காணிப்பு', 'கண்காணிப்பான்' என்ற சொற்கள் கிடைக்கும். கண்காணி நம் மொழியில் பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்களைக் குறித்தது. தன்னைப் பார்ப்பவர் இல்லை என்று எண்ணிக் கள்ளம் செய்வோரைக் கண்டிக்கும் திருமந்திரப் பாடல் இறைவனையே கண்காணி என்கிறது. இலங்கையில் அதே சொல் 'கங்காணி' ஆகி, மலையகத் தோட்டங்களில் ஆள்பிடிப்பவரையும் வேலைவாங்குபவரையும் குறித்து, அந்த மக்களின் துயரத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கசப்பை ஒதுக்கி வைத்தாலும் இங்கே இச்சொல் பொருந்தாது என்பது என் முடிவு. கண்காணிப்பு என்றால் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பது. காரின் மொனிட்டர்களில் மூன்றே அப்படிப்பட்டவை: சிலிண்டரில் தீப்பற்றல் தவறுகிறதா, எரிபொருட் கலவை சரியா, உணரிகளின் மின்சுற்று அறுந்திருக்கிறதா என்பவை. மற்றவை அனைத்தும் குறித்த நிலைமைகள் வாய்த்தால் மட்டுமே நடந்து முடியும் தனித்தனிப் பரீட்சைகள்.

புகைக்குழாய் வழியில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் ஊக்கி மாற்றியின் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். அநேகமான கார்களில் அதற்கு முன்னால் ஓர் ஒட்சிசன் உணரி, பின்னால் இன்னொன்று. முன்னதன் அளவு ஓயாமல் ஏறி இறங்கும். ஊக்கி நல்ல நிலையில் இருந்தால் அது ஒட்சிசனைத் தேக்கி வைத்து வேண்டியபோது விடுவதால் பின்னதன் அளவு அதிகம் ஆடாமல் நிற்கும். முன்னும் பின்னும் ஒரே தாளத்தில் ஆடத் தொடங்கினால் ஊக்கி தேய்ந்துவிட்டது என்று கணினி தீர்மானித்து, 'பி0420' என்ற பழுதுக்குறியைப் பதியும். இந்த ஒப்பீட்டைச் செய்ய எஞ்சின் முழுதாகச் சூடேறியிருக்க வேண்டும், வேகமும் சில நிமிடங்கள் சீராக இருக்க வேண்டும். யாழ் நகரத்து நெரிசலில் அது எளிதில் வாய்க்காது.

ஆகவே மொனிட்டருக்கு நான் சொல்வது 'தற்சோதனை'. தன் + சோதனை. தற்சார்பு, தற்காப்பு போன்ற புணர்ச்சி. சோதனை வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் மூலப்பொருள் தூய்மை செய்தல். கார் வெளிவிடும் வாயுக்களைப் பற்றிய பேச்சில் அந்த வேர்ப்பொருள் கூடவே வருவது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த வாயுக்களைக் குறிக்கும் 'எமிஷன்' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். நாம் எல்லோரும் 'புகை' என்கிறோம். புகைப் பரிசோதனை, புகைச் சான்றிதழ். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். அந்தப் புகையைக் கண்ணால் கண்டோம், தொண்டையால் உணர்ந்தோம். அதனால் அச்சொல் நமக்குள் ஆழ ஊன்றிவிட்டது. ஆனால் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நிறுத்தி வைத்த காரின் தாங்கியிலிருந்து கசியும் பெற்றோல் ஆவியும் எமிஷன்தான், அது புகையே அல்ல. 'உமிழ்வு' என்பதே சரி. சோதனை நிலையத்துக்குப் புகை என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி 'ரெடி'. மாஸ்ரரைத் தடுமாற வைத்தது இந்தச் சொல்தான். தமிழ்நாட்டில் 'தயார்' என்பார்கள், நாம் 'ஆயத்தம்' என்போம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையையும் சோதனை என்றுதான் சொல்கிறோம். "பிள்ளை சோதனைக்கு ஆயத்தம்" என்றால் அவள் இன்னும் சோதனை எழுதவில்லை என்று பொருள். கார்த் திரையில் வரும் 'ரெடி' இதற்கு நேர்மாறானது. உள்ளே நடக்க வேண்டிய சோதனை நடந்து முடிந்துவிட்டது என்று அது சொல்கிறது.

ஏன் இப்படித் தலைகீழாக ஒரு பெயர்? அது கார் உரிமையாளருக்காக வைத்த பெயர் அல்ல, பரிசோதகருடைய சொல். 1996 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களில் பழுதைக் கார்க் கணினியே கண்டறியும் இரண்டாம் தலைமுறைத் தற்கண்டறி முறைமை (ஓபிடி-2) கட்டாயமானது. அங்கே பல மாநிலங்களில் பரிசோதகர் புகைக்குழாயில் குழல் செருகுவதில்லை. முகப்புக்குக் கீழே உள்ள பதினாறு ஊசி இணைப்பியில் கருவியைப் பொருத்திக் கணினியிடம் கேட்கிறார். பழுதுக்குறிகளை ஸ்கானரால் அழித்துவிட்டோ, பற்றரியைக் கழற்றி மாட்டிவிட்டோ நேரே வந்து நிற்பவர்களைப் பிடிக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. குறிகளை அழித்தால் தற்சோதனைகளின் பதிவும் சேர்ந்தே அழியும், எல்லாம் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பும். முடியாதவை அதிகம் இருந்தால் கார் பரிசோதனைக்கு ஆயத்தமில்லை. 2001 முதலான மாதிரிகளில் ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகத்தின் வழிகாட்டல். கலிபோர்னியா இன்னும் கண்டிப்பானது.

கனடாவின் ஒன்ராறியோவிலும் 2013 முதல் இந்த முறைதான் இருந்தது. 2019 இல் அங்கே கார்களுக்கான அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ஸ்காபறோவில் இருக்கும் என் அண்ணர் ஒருமுறை பற்றரி மாற்றிய மறுநாளே பரிசோதனைக்குப் போய்த் திரும்பி வந்தார். "கார் நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் திருப்பி அனுப்பினார்கள்?" என்று தொலைபேசியில் கேட்டார். அன்று எனக்கும் பதில் தெரிந்திருக்கவில்லை.

இலங்கையில் 2008 இல் தொடங்கிய வாகன உமிழ்வுச் சோதனை வேறு வகை. பெற்றோல் காருக்குப் புகைக்குழாயில் குழல் செருகிக் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். டீசலுக்குப் புகையின் அடர்த்தி. வருமான அனுமதிப்பத்திரத்துக்குத் தேவையான சான்றிதழைப் பெறத் தற்சோதனை நிலை கணக்கில் வராது. மாஸ்ரரிடம் முதலில் இதைச் சொல்லி ஆறுதற்படுத்தினேன்.

அப்படியென்றால் நமக்கு இது எதற்கு? இரண்டு காரணங்கள். பழுது உண்மையில் தீர்ந்ததா என்பதற்கு விளக்கு அணைந்தது சாட்சி ஆகாது, ஸ்கானரால் யாரும் அதை அணைக்கலாம். மற்றது, பழைய கார் வாங்குவது. விளக்கு எரியாத காரைக் காட்டி விலை பேசுகிறார்கள். இணைப்பியில் கருவியைப் பொருத்தினால் பாதித் தற்சோதனைகள் முடியவில்லை என்றும், குறிகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரம் பன்னிரண்டு கிலோமீற்றர் என்றும் காட்டினால் உடனே முற்பணம் கொடுக்காதீர்கள். நேற்றுப் பற்றரி மாற்றியிருக்கலாம், பழுதை மறைத்திருக்கவும் கூடும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி பாருங்கள்.

தற்சோதனைகளை முடிக்க வைக்கும் வழி ஓட்டுவதுதான். 'டிரைவ் சைக்கிள்' என்பதை 'ஓட்டச் சுற்று' என்கிறேன். அதன் விவரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொது விதி: இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சின், சில நிமிடங்கள் நின்றபடி ஓட்டம், நகர வேகம், பின் நெடுஞ்சாலையில் சீரான வேகம், நடுவே பிரேக்கைத் தொடாமல் வேகமிதியை விட்டு மெல்ல இறங்குதல். ஆவிக் கட்டுப்பாட்டுத் தற்சோதனை உள்ள கார்களில் தாங்கி நிரம்பி வழியவும் கூடாது, வற்றவும் கூடாது. கால்வாசிக்கும் முக்கால்வாசிக்கும் இடையில் இருப்பது நல்லது. கடும் வெயிலில் புறப்பட்டாலும் அது தொடங்காமல் போகலாம்.

மாஸ்ரரும் நானும் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம் வரை நகர வேகம். பளை தாண்டியதும் ஏ9 வீதி விரிந்து கிடந்தது. 65 கிலோமீற்றர் வேகத்தில் பிடித்தபடி ஆனையிறவு வரை போய், உப்பளக் காற்றில் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

கராஜில் தம்பி மறுபடி ஸ்கானரைப் பொருத்தினார். தற்சோதனைகள் முடிந்துவிட்டன. ஆனாலும் 'நிலுவைக் குறி' என்ற பக்கத்தையும் திறந்து காட்டும்படி கேட்டேன். பல சோதனைகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தோற்றால்தான் கணினி விளக்கை ஏற்றும். தற்சோதனை முடிந்தும் முதல் தோல்வி அங்கே ஒளிந்திருக்கலாம். அது வெறுமையாக இருந்தது. ஒரு வரிசையில் மட்டும் 'பொருந்தாது' என்று வந்தது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த கார்களில் சில தற்சோதனைகள் இருப்பதில்லை.

பற்றுச்சீட்டில் 'மொனிட்டர் ரெடி' என்று எழுதப்போன தம்பியிடம் வேறு விதமாக எழுதலாமா என்று கேட்டேன். மறுக்காமல் எழுதினார்: 'ஊக்கி – சோதனை முடிந்தது, சரி. ஒட்சிசன் உணரி – சோதனை முடிந்தது, சரி. பெற்றோல் ஆவி – இக்காரில் இல்லை. நிலுவைக் குறி – இல்லை.' மாஸ்ரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு வரிகளையும் வாசித்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.