அடைப்பின் சதவீதத்தில் ஆயுள் இல்லை

பாளையங்கோட்டையில் என்னிடம் வரும் குடும்பங்கள் இதய ரத்தக் குழாய்களைப் படமெடுத்த ஆஞ்சியோ குறுந்தகட்டை மேசையில் வைத்ததும் கேட்பது, "எத்தனை அடைப்பு, எத்தனை சதவீதம்?" என்பதைத்தான். பிறகு நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு மகன் மட்டும் திரும்பி வருவார்: "அப்பாவுக்கு இன்னும் எத்தனை வருஷம் டாக்டர்?" முதல் கேள்விக்கான பதிலிலேயே இரண்டாவதுக்கும் விடை இருப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை.

நான் சொல்வது நிலையான இதய நோய் உள்ளவர்களைப் பற்றி. வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகும், நின்றால் விட்டுவிடும், பல மாதங்களாக அதில் மாற்றம் இருக்காது. சும்மா இருக்கும்போதே வலி வந்தாலும், நாளுக்கு நாள் வலி கூடினாலும் அது வேறு விஷயம். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

குழாயில் பாதியைக்கூட அடைக்காத கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வரும் மாரடைப்புகள் ஏராளம். 2007-இல் வெளியான 'கரேஜ்' ஆய்வில் 2,287 பேர், 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில் 5,179 பேர். நிலையான நோயாளிகளுக்கு மாத்திரைகளோடு ஸ்டென்ட்டோ (குழாயை விரித்துவைக்கும் கம்பிவலை) பைபாஸோ சேர்த்துச் செய்ததால் இறப்பு குறைந்ததாக இரண்டிலுமே தெரியவில்லை. வலி குறைந்தது, அதுவும் பெரிய நன்மைதான். இடப்பக்கத் தலைமைக் குழாயில் அடைப்பு இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

அப்படியானால் ஆயுளைப் பற்றி எது சொல்லும்? முதலில் எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன். இதயம் ஒரு துடிப்பில் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அதில் இருக்கும். 55-க்கு மேல் நல்லது. 40-க்குக் கீழே போனால் கவலை கூடுகிறது. மாத்திரைகள் கொடுத்த பிறகும் 35-ஐத் தாண்டாவிட்டால், திடீர் மரணத்தைத் தடுக்கும் கருவி பொருத்துவது பற்றிப் பேச வேண்டும். கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு), சர்க்கரை, வயது, பீடி ஆகியவையும் கணக்கில் வரும்.

இவற்றுக்கு இணையாக நான் மதிப்பது, செலவே இல்லாத ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் தாழ்வாரம், இரு முனையிலும் ஒவ்வொரு நாற்காலி. "ஓட வேண்டாம் அண்ணாச்சி, உங்களால் முடிந்த வேகத்தில் நடங்கள். மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம்" என்று செவிலியர் சொல்வார். முக்கூடல் பக்கத்து விவசாயி ஒருவர், மூன்று குழாயிலும் அடைப்பு உள்ளவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு 500 மீட்டரைத் தாண்டிவிட்டார். அதே காலையில், ஒரே அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து 'சரியாகிவிட்டது' என்று நம்பியிருந்த ஒருவர் மூன்றாவது திருப்பத்திலேயே சுவரைப் பிடித்தார். நான் அதிகம் கவலைப்பட்டது இரண்டாமவரைப் பற்றித்தான். நிலையான இதய நோயாளிகளை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மிகக் குறைந்த தூரம் நடந்த கால்பங்கினருக்கு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, மரணம் ஆகியவை, மிக அதிகம் நடந்தவர்களைப்போல் சுமார் நான்கு மடங்கு நேர்ந்தன. பயிற்சியால் இந்தத் தூரத்தைக் கூட்ட முடியும் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இவற்றையெல்லாம் கூட்டிப் போடும் மதிப்பெண் கணக்குகள் இருக்கின்றன. ஆனால் 'பத்தாண்டில் நூற்றுக்கு இருபது பேர் இறக்கலாம்' என்று கணக்கு வந்தால், உங்கள் அப்பா அந்த இருபதில் ஒருவரா, மீதி எண்பதில் ஒருவரா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அதனால் மகன்களிடம் நான் வருஷக் கணக்கு சொல்வதில்லை; எதை மாற்றலாம் என்று சொல்கிறேன்.

முதலில் பீடி. இதய நோய் வந்த பிறகு புகையை விட்டவர்களிடம் இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. ஆலங்குளம், மேலப்பாளையம் வட்டாரத்தில் பீடி சுற்றுவதே எத்தனையோ வீடுகளின் பிழைப்பு; அங்கே 'விட்டுவிடுங்கள்' என்று ஒரு வரியில் சொன்னால் போதாது, வீட்டாரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

அடுத்தது மாத்திரை. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று கொழுப்பு மாத்திரையை நிறுத்துகிறார்கள். நன்றாக இருப்பதற்கு அந்த மாத்திரையும் ஒரு காரணம். இதயம் பலவீனமானவர்கள் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறும் நாளில் நீர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், வழியில் இறங்க முடியாதே என்ற பயத்தில். கல்யாண வீட்டில் அப்பளம், ஊறுகாயின் உப்பும் சேர்ந்துகொள்ள, உடலில் நீர் தேங்கி, இரவு மூச்சு முட்டி வருகிறார்கள். பயணம் இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். பலருக்கு அதே மாத்திரையை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போடும்படி நேரத்தை மாற்றித் தர முடியும்.